சாக்ஸபோனுக்குள் குடிபுகுந்த நாகஸ்வரம்

பாஸ்டனில் பிறந்து, சார்லஸ் மிங்கஸின் குழுவில் ஊதி, கொலோனில் மறைந்த சார்லி மரியானோவின் வாழ்க்கை, ஃப்யூஷன் இசையை எந்த அளவுகோலால் மதிப்பிட வேண்டும் என்பதைக் கற்றுத் தருகிறது.

1983இல் ஜெர்மனியின் ஈ.சி.எம். நிறுவனத்துக்காக 'ஜோதி' என்ற இசைத்தட்டு பதிவானது. பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் கலைஞர்கள் நால்வர் அதில் பங்கேற்றார்கள். ஆர்.ஏ. ரமாமணி பாடினார். டி.ஏ.எஸ். மணி மிருதங்கமும், ஆர்.ஏ. ராஜகோபால் கடமும் மோர்சிங்கும், டி.என். சசிகுமார் கஞ்சிராவும் வாசித்தார்கள். அவர்களோடு அமர்ந்த ஐந்தாமவர் சார்லி மரியானோ. ஜாஸ் உலகில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெயர் பெற்றிருந்த அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் அவர். நாகஸ்வரத்தைத் தேடிக் கற்று, ஐரோப்பிய இசைத்தட்டுகளில் அதை ஊதியவரும்கூட. கர்நாடக இசைக்கலைஞர்களோடு சேர்ந்து பதிவு செய்யும் நாளில் அவர் நாகஸ்வரத்தைத்தான் எடுத்திருப்பார் என்று நாம் எதிர்பார்ப்போம். அவர் எடுத்ததோ தன் சாக்ஸபோனையும் புல்லாங்குழலையும். கற்றுக்கொண்ட கருவியைக் காட்சிக்கு வைக்காமல், அது கற்றுக் கொடுத்ததை மட்டும் தன் பழைய கருவிக்குள் கொண்டுவந்த இந்த முடிவில்தான் மரியானோவின் முழு வாழ்க்கையும் அடங்கியிருக்கிறது. இரண்டு இசை மரபுகளை ஒரே மேடையில் உட்கார வைப்பது ஒப்பந்தம் போடுவதைப் போன்ற எளிய காரியம். ஒரு மரபின் முன் மாணவராக உட்கார்ந்து, அது தன் மூச்சையே மாற்ற இடம் கொடுப்பதுதான் ஃப்யூஷன். இந்தப் பொருளில் மரியானோ ஒரு முன்னோடி. அவருக்கு உரிய இடம் அவரைவிடப் புகழ்பெற்ற பலருக்கும் முன்னால் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் குருகுலம்

மரியானோ 1923 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவத்தின் விமானப் பிரிவில் சேர்ந்து, அங்கே இசைக்குழுவில் வாசித்தார். போர் முடிந்ததும், இன்று பெர்க்லி இசைக் கல்லூரி என்று உலகமே அறிந்திருக்கும் நிறுவனத்தில் படித்தார். அப்போது அதன் பெயர் ஷில்லிங்கர் ஹவுஸ். அந்தத் தலைமுறையின் ஆல்டோ சாக்ஸபோன்காரர்கள் எல்லோரையும் போல அவரையும் ஆட்கொண்டவர் சார்லி பார்க்கர். பிபாப் என்ற அதிவேகமான, சிக்கலான புதிய ஜாஸ் நடையைக் கட்டிய மேதை பார்க்கர். அவருடைய சொற்கட்டுகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யாமல் அன்று யாரும் ஆல்டோவைத் தொட முடியாது. 1953 முதல் 1955 வரை ஸ்டான் கென்டனின் பெரிய வாத்தியக் குழுவிலும், பிறகு லாஸ் ஏஞ்சலஸில் டிரம்ஸ் கலைஞர் ஷெல்லி மேனின் குழுவிலும் மரியானோ வாசித்தார். 1950களின் இறுதியில் பாஸ்டன் திரும்பியபோது அவர் தொழில் தெரிந்த, மதிக்கப்பட்ட, ஆனால் பார்க்கரின் நிழலிலிருந்து முழுதாக விலகாத ஒரு கலைஞர்.

இந்தக் கட்டத்தை நாம் அவசரமாகத் தாண்டிவிடக் கூடாது. ஜாஸ் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் உருவாக்கிய கலை. இத்தாலிய வம்சாவளியில் வந்த ஒரு வெள்ளை இளைஞருக்கு அது பிறப்பால் வந்த சொத்து அல்ல. அதாவது, மரியானோ கற்ற முதல் 'பிறர் இசை' ஜாஸ்தான். அதை அவர் எப்படிக் கற்றார் என்பதற்கு மறுக்க முடியாத சான்று 1963 ஜனவரியில் பதிவான 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி' என்ற இசைத்தட்டு. அதைப் படைத்தவர் சார்லஸ் மிங்கஸ். நிறவெறியை மேடையிலும் எழுத்திலும் ஒளிவுமறைவின்றிச் சாடியவர், கறுப்பின இசையால் வெள்ளையர்கள் பணமும் பெயரும் ஈட்டுவதைக் கடுமையாகக் கண்டித்தவர், தன் குழுவில் யார் சோம்பலாக வாசித்தாலும் பொறுக்காதவர். தன் வாழ்நாளின் மிகப் பெரிய படைப்புகளில் ஒன்றான இதில் ஆல்டோ சாக்ஸபோனின் தனிக்குரலை அவர் ஒப்படைத்தது மரியானோவிடம். குழு வாசித்து முடித்த பிறகும் மரியானோவை மீண்டும் அழைத்து, பதிவான இசையின் மேல் கூடுதலாக அவரை ஊதவைத்தார். அந்த ஆல்டோ கெஞ்சுகிறது, குமுறுகிறது, அழுகிறது. பார்க்கரின் நகலை அங்கே கேட்க முடியாது. பிறர் இசையைத் தன் உயிரோடு கலந்துவிட்ட ஒருவருடைய சொந்தக் குரலை மிங்கஸின் கூரிய காது அதில் கேட்டிருக்கிறது.

இதே ஆண்டுகளில் அவருடைய வாழ்க்கையில் இன்னொரு திசையும் திறந்தது. ஜப்பானிய பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷியை 1959இல் மணந்தார். இருவரும் சேர்ந்து நால்வர் குழு ஒன்றை நடத்தினார்கள், ஜப்பானிலும் வாழ்ந்தார்கள். 1967இல் அந்த மணவாழ்வு முடிந்தது. ஆனால் ஆசியா அவருக்கு இசைத்தட்டு உறையில் வரும் படமாக இல்லாமல், வாழ்ந்து பார்த்த இடமாக ஆனது அப்போதுதான்.

மலேசியாவில் கேட்ட ஒலி

அறுபதுகளின் நடுவில், மலேசிய வானொலியின் வாத்தியக் குழுவுக்குப் பயிற்சி தருவதற்காக மரியானோ கோலாலம்பூர் சென்றார். நாகஸ்வரம் அவருக்கு அறிமுகமானது அங்கேதான். மலேசியாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் ரயில்பாதைகளுக்கும் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் தங்கள் தெய்வங்களைக் கூடவே எடுத்துப் போனார்கள். தெய்வங்களுக்குப் பின்னால் நாகஸ்வரமும் தவிலும் போயின. அந்தத் தொழிலாளர்களின் கோயில்கள் காப்பாற்றி வைத்திருந்த ஒலி, கற்றுக்கொடுக்க வந்த ஒரு அமெரிக்கரைக் கற்றுக்கொள்ள வைத்தது. பின்னர் அவர் தென்னிந்தியாவுக்கே வந்து நாகஸ்வரம் பயின்றார்.

அந்தக் காலத்தின் சூழலோடு சேர்த்துப் பார்த்தால் இந்தத் தேர்வின் பொருள் தெரியும். 1965இல் பீட்டில்ஸ் குழு ஒரு பாட்டில் சிதாரைச் சேர்த்த பிறகு, மேற்கில் இந்திய இசை என்றாலே சிதார் என்றாகிவிட்டது. சிதாருக்கு அங்கே சந்தை இருந்தது, ரவிசங்கர் என்ற உலகப் புகழ்பெற்ற முகம் இருந்தது. நாகஸ்வரத்துக்கு இவை எதுவும் இல்லை. அது திறந்த வெளிக்கும் கோபுர வாசலுக்கும் உருவான கருவி. நான்கு சுவர்களுக்குள் ஊதினால் காதை நிறைத்துவிடும். அதை எடுத்துக்கொண்டு போனால் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ கூடுதலாக ஒரு டிக்கெட்கூட விற்காது. நாகரிகத்தின் பின்னால் ஓடுகிறவர் இந்தக் கருவியை எடுக்கமாட்டார்.

அதோடு, சாக்ஸபோன் கலைஞருக்கு அது எளிதான கருவியும் அல்ல. பார்வைக்கு இரண்டும் நாணலில் ஊதும் வாத்தியங்கள். ஆனால் சாக்ஸபோனில் இருப்பது ஒற்றை நாணல். உலோகக் குழாயில் உள்ள துளைகளைச் சாவிகளும் மூடிகளும் மூடித் திறக்கின்றன. விரல் துளையைத் தொடுவதே இல்லை. சுரம் எங்கே நிற்க வேண்டும் என்பதில் பாதியைக் கருவி செய்தவரே முடிவு செய்துவிட்டார். ஆச்சா மரத்தில் கடைந்த நாகஸ்வரத்தில் சீவாளி இரட்டை நாணல். ஏழு துளைகளையும் விரல்தான் மூட வேண்டும். ஒரு துளையை அரை அளவோ கால் அளவோ மூடி, உதட்டின் பிடியையும் மூச்சின் அழுத்தத்தையும் இம்மி அளவு மாற்றித்தான் கமகத்தை எடுக்க முடியும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில்தான் ராகம் உயிரோடு இருக்கிறது. அந்த வழியைக் கருவி காட்டித் தராது, ஊதுகிறவர்தான் ஒவ்வொரு முறையும் உருவாக்க வேண்டும். நாற்பது வயதைக் கடந்த, ஏற்கெனவே தன் துறையில் ஆசிரியராக இருந்த ஒருவர் இந்தக் கருவியைத் தொடக்கத்திலிருந்து கற்கப் போனால், முதலில் தன் விரல்களும் உதடுகளும் அறிந்த எல்லாவற்றையும் ஒதுக்கி வைக்க வேண்டும். மேதை என்ற பெயரைக் கழற்றி வைக்காமல் அது நடக்காது.

பதவியை விட்டு, பாதையைத் தேடி

1965இலிருந்து மரியானோ பெர்க்லியில் பேராசிரியர். பாஸ்டனில் ஆஸ்மோசிஸ் என்ற குழுவோடு சேர்ந்து ராக் இசையையும் ஜாஸையும் பிணைத்துப் பார்த்தார். அதன் இசைத்தட்டு 1970இல் வெளிவந்தது. மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் புரூ' வெளியாகி ஜாஸ் உலகத்தை இரண்டாகப் பிளந்த ஆண்டும் அதுவே. அதே திசையில் மரியானோவும் தன் வழியே நடந்துகொண்டிருந்தார். 1971இல், நாற்பத்தேழு வயதில், கல்லூரி வேலையை விட்டுவிட்டு ஐரோப்பாவுக்குப் போனார். சம்பளம், மாணவர்கள், சொந்த ஊரில் ஓர் இடம் என்று எல்லாவற்றையும் விட்டுப் போகும் வயது அது அல்ல.

ஐரோப்பாவில் அவர் சேர்ந்த குழுக்களின் பட்டியலே எழுபதுகளின் ஃப்யூஷன் வரலாறாக நிற்கும். மியூனிக்கின் எம்பிரியோ குழுவோடு 1973இல் 'வீ கீப் ஆன்' இசைத்தட்டில் வாசித்தார். பியானோ கலைஞர் யாஸ்பர் வான்ட் ஹோஃப், கிதார் கலைஞர் ஃபிலிப் கேத்தரின் ஆகியோரோடு போர்க் பை என்ற குழுவில் இருந்தார். 1975இல் வொல்ஃப்காங் டௌனர் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காகத் திரட்டிய யுனைடெட் ஜாஸ் அண்ட் ராக் என்செம்பிள், ஜெர்மனியில் மக்கள் திரளும் ஜாஸ் குழுவாக வளர்ந்து பல ஆண்டுகள் நீடித்தது. அதிலும் மரியானோ உண்டு. இவற்றிலெல்லாம் சிறந்தது பாஸ் கலைஞர் எபர்ஹார்ட் வெபரின் குழுவில் அவர் செய்த வேலை. அதே 1975இல் பதிவான வெபரின் 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' இசைத்தட்டில் சோப்ரானோ சாக்ஸபோன், ஷெனாய், நாகஸ்வரம் மூன்றையும் மரியானோ ஊதினார். நீண்டு பரவும் மின்விசைப் பாஸ் ஒலிக்கும் கீபோர்டின் மிதக்கும் சுருதிகளுக்கும் மேலே அந்த இரட்டை நாணல் ஒலி எழும்போது, அது அலங்காரத்துக்குச் சேர்த்த நிறமாகக் கேட்பதில்லை. அந்த இசைக்கு ஒரு முதுகெலும்பு கிடைக்கிறது.

எண்பதுகளில் அவர் பாதை மீண்டும் தென்னிந்தியாவை நோக்கித் திரும்பியது. 'ஜோதி' அப்படி வந்தது. அந்த இசைத்தட்டில் கவனிக்க வேண்டியது, மரியானோ எங்கே வாசிக்கிறார் என்பதைப் போலவே எங்கே ஒதுங்கி நிற்கிறார் என்பதும். ரமாமணியின் குரல் தனியாக ஒலிக்க இடம் இருக்கிறது. வாயால் சொல்லும் கொன்னக்கோல் சொற்கட்டுகள் தங்கள் கணக்கை முழுதாகச் சொல்லி முடிக்கும் வரை அவர் குறுக்கிடுவதில்லை. உறையில் அவர் பெயரோடு கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனின் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. ஊதும்போதோ, சாக்ஸபோன் சாவிகளின் படிக்கட்டை மறந்து சுரங்களுக்கு இடையே வழுக்கிச் செல்கிறது, ஒரே சுரத்தில் நின்று அதை அசைக்கிறது, நீண்ட மூச்சில் சொற்றொடரை வளர்க்கிறது. நாகஸ்வரம் கையில் இல்லை. ஆனால் அதன் பயிற்சி உதட்டில் இருக்கிறது. 1992இல் லெபனானைச் சேர்ந்த ஊத் கலைஞர் ரபி அபு கலீலின் 'ப்ளூ கேமல்' இசைத்தட்டில் அரபு இசையின் மகாம்களோடு அவர் உரையாடும்போதும் இதே உதடுதான் பேசுகிறது. அந்தக் குழுவில் தென்னிந்தியத் தாளக் கருவிகளை வாசித்தவர் சென்னையில் பிறந்து, பெங்களூரில் தவில் கற்று, கொலோனில் குடியேறிய ரமேஷ் ஷோத்தம். நாகஸ்வரம் கற்ற அமெரிக்கரும் தவில் கற்ற தமிழ்நாட்டுக்காரரும் ஐரோப்பிய நகரம் ஒன்றில் கூட்டாளிகளாக இருந்திருக்கிறார்கள் என்பது நம் இசை வரலாற்றிலும் எழுதப்பட வேண்டிய செய்தி.

எதிர்வாதங்கள்

இந்த வாதத்துக்கு மூன்று வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, முன்னோடி என்ற பட்டத்தைப் பற்றியது. ஜான் கோல்ட்ரேன் 1961லேயே 'இந்தியா' என்று பெயரிட்ட இசையை வாசித்துவிட்டார். ஜமைக்காவில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹேரியட்டும் கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரும் லண்டனில் பதிவு செய்த 'இண்டோ ஜாஸ் சூட்' 1966இல் வந்தது. ஜான் மெக்லாக்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் இணைந்த சக்தி குழுவின் முதல் இசைத்தட்டு 1976இல் வந்தது. இவர்களுக்கு நடுவே மரியானோ எப்படி முன்னோடி ஆவார்? காலக் கணக்கில் அவர் முதல்வர் அல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கோல்ட்ரேன் இந்திய இசையைத் தூரத்திலிருந்து வணங்கினார், 1967இல் மறைந்ததால் அருகே வரும் வாய்ப்பு அவருக்கு இல்லாமல் போனது. ஹேரியட்டும் மேயரும் ஒரே அறையில் இரண்டு அணிகளை அமரவைத்து வாசிக்கச் செய்தார்கள். சக்தியின் மேன்மை, அதில் இருந்த ஒவ்வொருவரும் தன் மரபில் கரைகண்டவர் என்பது. மரியானோ வேறொரு வழியைத் திறந்தார். அடுத்தவரின் கருவியையே உடம்பில் வாங்கி, அது தன் சொந்தக் கருவியைத் திருத்த விடும் வழி. அந்த வழியில் அவர் யாருக்கும் பின்னால் வரவில்லை.

இரண்டாவது மறுப்பு நம் பக்கத்திலிருந்து வரும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டுப் பழகிய காதுக்கு, மரியானோவின் நாகஸ்வரம் அரிச்சுவடியாகத்தான் இருக்கும். ராக இலக்கணம் அதில் முழுமையாக இல்லை, தவிலோடு மல்லுக்கு நிற்கும் லய வன்மையும் இல்லை. இதை மறுக்க முடியாது, மறுக்கத் தேவையும் இல்லை. மேடையில் தன்னை நாகஸ்வர வித்வானாக நிறுத்த அவர் முயலவில்லை என்பதே அவர் நேர்மைக்குச் சான்று. தேர்ந்த கர்நாடக இசைக்கலைஞர்களுடன் அமர்ந்தபோது அவர் சாக்ஸபோனை எடுத்ததை, தன் எல்லையை அறிந்தவரின் மரியாதையாகவும் புரிந்துகொள்ளலாம். அவர் பயிற்சியின் பயனை நாகஸ்வரப் பதிவுகளில் தேடுவதைவிட, அதன் பின் மாறிப்போன சாக்ஸபோனில் தேடுவதே சரி. இதே உறவைத் தலைகீழாகச் செய்து காட்டியவர் கத்ரி கோபால்நாத். நாகஸ்வரக் கலைஞரின் மகனாக தட்சிண கன்னடத்தில் பிறந்த அவர், சாக்ஸபோனை எடுத்து, சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்று, அந்த மேற்கத்தியக் கருவியைக் கர்நாடகக் கச்சேரி மேடைக்கு உரியதாக்கினார். அவருக்கு முன்பே பாலுஸ்வாமி தீட்சிதர் வயலினைக் கொண்டுவந்தார், ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டில் கொடி நாட்டினார். கலப்பு மரபைக் கெடுக்கும் என்று சொல்கிறவர்கள், நம் மரபே இப்படி வாங்கிச் செரித்து வளர்ந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்த வெற்றிகளுக்கெல்லாம் பின்னால் இருந்தது பல ஆண்டுச் சாதகம். சாதகம் இருந்த இடத்தில் கலப்பு மரபை வளர்த்திருக்கிறது.

மூன்றாவது மறுப்பே கனமானது. பணமும் பதிவு வசதியும் உள்ள மேற்கத்தியர் ஒருவர், ஏழை நாட்டின் கோயில் இசையை எடுத்துப் பெயர் வாங்கிக்கொள்வது சுரண்டல் ஆகாதா? நாகஸ்வரத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்கள் தம் ஊரிலேயே சாதியின் பெயரால் பட்ட அவமதிப்பை நினைத்தால் இந்தக் கேள்வியின் கூர்மை இன்னும் அதிகமாகிறது. உலக இசைச் சந்தையில் இந்தச் சுரண்டல் நடந்திருக்கிறது, நடக்கிறது. ஆனால் ஒவ்வொருவரையும் அவரவர் செயலை வைத்தே எடைபோட வேண்டும். எடுத்துக்கொண்டு போகிறவருக்கு ஒலி மட்டும் போதும். அதை ஒரு முறை பதிவு செய்துவிட்டு அடுத்த நாட்டுக்கு நகர்ந்துவிடுவார். மரியானோ திரும்பத் திரும்ப வந்தார். கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் கலைஞர்களுடனான அவருடைய உறவு ஒரே பதிவோடு முடியவில்லை, 'ஜோதி'க்குப் பிறகும் மேடைகளில் தொடர்ந்தது. அவர்களைப் பெயரற்ற பின்னணி வாத்தியக்காரர்களாக அவர் நிறுத்தவும் இல்லை. மிங்கஸின் கண்டிப்பான பள்ளியில் தேறியவருக்கு, பிறர் இசைக்குள் எப்படி நுழைய வேண்டும் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது.

நமக்கான அளவுகோல்

மரியானோ 2009 ஜூன் 16 அன்று கொலோனில், எண்பத்தைந்து வயதில், புற்றுநோயால் காலமானார். பெரும் விற்பனைச் சாதனைகளோ வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரோ அவருக்கு வாய்க்கவில்லை. பெரும்பாலும் பிறர் தலைமையிலான குழுக்களிலேயே வாசித்தார். தலைவனாக இருப்பதையே சாதனையாகக் கருதும் வரலாற்று எழுத்து, இத்தகைய கலைஞர்களை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறது. அந்தத் தவறை நாமும் செய்ய வேண்டியதில்லை. கென்டனிலிருந்து மிங்கஸ், வெபர், ரமாமணி, அபு கலீல் வரை இத்தனை வேறுபட்டவர்கள் தங்கள் படைப்பின் நடுவே அவருக்கு இடம் கொடுத்தார்கள் என்றால், கேட்கத் தெரிந்தவர் என்ற நம்பிக்கையை அவர் ஒவ்வொரு இடத்திலும் சம்பாதித்திருக்கிறார் என்று பொருள்.

இன்று தமிழ்நாட்டில் ஃப்யூஷன் நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. ஒரு வீணையோ வயலினோ, ஒரு கிதார், ஒரு டிரம்ஸ், கீபோர்டு என்று அடுக்கி, தெரிந்த ஒரு கீர்த்தனையை வேகப்படுத்தி, இறுதியில் தாளப் போட்டியோடு முடிப்பது வழக்கமாகிவிட்டது. அவற்றில் உண்மையான திறமைசாலிகள் இருக்கிறார்கள், அரங்கமும் மகிழ்கிறது. ஆனால் நிகழ்ச்சி முடிந்து பிரியும்போது கிதார் கலைஞர் முன்பு வாசித்தபடியேதான் வாசிக்கப் போகிறார், வயலின் கலைஞரும் அப்படியே. யாரும் யாரையும் மாற்றவில்லை. அதே சமயம், மரியானோ கடல் கடந்து வந்து கற்ற நாகஸ்வரத்துக்கு நம் டிசம்பர் சீசனில் பெரும்பாலும் கிடைப்பது தொடக்க நாள் மங்கள இசைக்கான நேரம்தான். பிறகு அதைத் திருமண மண்டபத்தின் வாசலில், யாரும் உட்கார்ந்து கேட்காத இடத்தில் வைத்துவிடுகிறோம். நம்மிடையே ஆழமான ஃப்யூஷன் பிறக்க வேண்டுமானால், முதலில் நம் இளம் கிதார், கீபோர்டு, சாக்ஸபோன் கலைஞர்கள் ஒரு நாகஸ்வர ஆசிரியரிடம் சில ஆண்டுகள் உட்கார வேண்டும். சபாக்கள் அந்த ஆசிரியருக்கு முழுக் கச்சேரி மேடையும் உரிய சன்மானமும் தர வேண்டும். கற்றதை உடனே மேடையில் காட்டும் அவசரம் இல்லாதவர்களாக அந்த இளைஞர்கள் இருக்க வேண்டும். புகழ் பெற்ற பிறகும் ஒருவர் இப்படிக் கற்க முடியும் என்பதற்கு மரியானோவின் வாழ்க்கையே ஆதாரம். ஆகவே இனி ஒரு ஃப்யூஷன் இசைத்தட்டையோ கச்சேரியையோ மதிப்பிடும்போது, எத்தனை நாட்டு வாத்தியங்கள் மேடையில் இருந்தன என்று எண்ணுவதை விட்டுவிட்டு, இதில் யார் யாரிடம் கற்றார், கற்ற பிறகு அவர் ஊதும் விதம் மாறியதா என்ற கேள்விகளைக் கேட்போம்.